அட்டை என்னும் சொல்லும் ஆமையைப் பற்றிய அட்டையும்

நீர்நிலைகளில் வாழ்ந்து பிற பிராணிகளின் உதிரத்தை உண்ணும் புழுவகையைத் தமிழர் 'அட்டை' என்பர். திருவனந்தபுரத்து மலையாளிகள் 'அட்ட' என்பர். குளத்தில் வாழ்வதைக் 'குளயட்ட' என விசேஷித்தும் கூறுவர். தமிழில் ஐகாரத்தில் முடியும் சொல் மலையாளத்தில் அகர ஈறாய் நிற்பது தலை, மலை, வாழை முதலியவற்றிலும் காணும் பொதுவிதியாதலின், இவ்விரண்டும் ஒரே சொல் என்பதில் ஐயமில்லை. அட்டையைப் பிடித்து மெத்தையில் கிடத்தினாலும் அது அங்கே கிடவாது என்னும் பழமொழியும் இரு மொழியார்க்கும் பொதுவாகவே வழங்குகிறது.

அட்டுதல் என்னும் பழைய வினைக்கு ஒட்டுதல் என்ற பொருளும் உண்டு. அட்டை என்னும் பெயர் அவ்வினையடியாகப் பிறந்ததென்று கொள்வதே பொருந்தும். அதன் நிறத்தையோ வடிவத்தையோ உறைவிடத்தையோ நோக்காமல், பற்றிய இடத்தை எளிதில் விடாத அதன் செயலையே நம் முன்னோர் கண்டு பெயரிட்டனர்.

வடமொழியார் நோக்கு வேறு. அமரகோசத்தில் காணும் 'ரக்தபா' என்னும் பெயர் உதிரம் குடிப்பதைச் சுட்ட, 'ஜலௌகா' என்பது ஜலத்தை இருப்பிடமாக உடையது எனப் பொருள்படும் என்று வைத்திய நூலான சுசுருத சம்ஹிதை விரித்துரைக்கும். சூத்திரஸ்தானத்தின் 13-ஆம் அத்தியாயம் முழுவதையும் அட்டைக்கே ஒதுக்கிய அந்நூலார், அட்டைகளைப் பன்னிரண்டாக வகுத்து, அறுவகை விஷமுள்ளவை, அறுவகை விஷமற்றவை என்று கூறி, நல்ல அட்டைகள் கிடைக்கும் பிரதேசங்களை எண்ணுமிடத்துப் பாண்டி நாட்டையும் ஸஹ்ய மலையையும் பெயர் குறித்து வைத்தனர். திருவனந்தபுரத்துச் சீமையை நனைக்கும் நெய்யாறும் கரமனையாறும் பிறப்பது அந்த ஸஹ்ய மலைத் தொடரிலேயே ஆதலின், இப்பிரதேசத்து அட்டையின் புகழ் மிகப் பழமையானது எனலாம். சங்கு, சக்கரம், அமிர்த கலசம் ஆகியவற்றோடு ஜலௌகாவையும் கையில் ஏந்தியவராகத் தன்வந்திரியைத் தியானிக்கும் மரபு கேரளத்தில் வேரூன்றியுள்ளது. சித்த வைத்தியரும் 'அட்டை விடல்' என்று இச்சிகிச்சையைத் தம் முறைகளுள் ஒன்றாகப் போற்றுவர். 1884-இல் ஹேக்ராப்ட் என்னும் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர், அட்டையினிடத்து இரத்தத்தை உறையவிடாத ஒரு திரவியம் உண்டென்று நிரூபித்தார்; அதுவே பின்னர் 'ஹிருடின்' எனப் பெயர் பெற்றது.

செயலால் பிறந்த பெயர் காலப்போக்கில் உருவத்தால் பரவியது. மரவட்டை உதிரம் குடிப்பதன்று. மலையாளத்தார் அதனைத் 'தேரட்ட' என்பர். மன்னார் வளைகுடாவில் வாழும் கடலட்டையோ, அட்டை இனத்துக்கு எவ்விதத்திலும் உறவில்லாமல், நட்சத்திர மீனின் கூட்டத்தைச் சேர்ந்தது. நீண்டு திரண்ட மெல்லுடல் என்னும் ஒப்புமை ஒன்றே இவற்றுக்கு அப்பெயரை ஈட்டித் தந்தது.

இனி, பெயரின் பழம்பொருளாகிய ஒட்டுதல் முழுமையாகப் பொருந்தும், ஆமைகளின்மேல் வாழும் அட்டைகளைக் காண்போம். மாட்டையும் மனிதரையும் கடிக்கும் குளத்தட்டைக்கு மூன்று தாடைகள் உண்டு. வயிறு நிறைந்ததும் அது கழன்று நீரில் விழும். ஆமைகளின்மேல் வாழும் அட்டைகளுக்கோ தாடையில்லை. குழல்போன்ற துதிக்கையைத் தோலினுள் செலுத்தி உதிரத்தை உறிஞ்சும். ஓடு மறைக்காத கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய மெல்லிய இடங்களே அவற்றுக்கு உகந்த ஸ்தானங்கள். இவற்றுள் ஒரு சாரன முட்டைகளையும் குஞ்சுகளையும் தம் வயிற்றின் அடியில் சுமந்து காக்கும். மற்றொரு சாரனவான 'ஓஸோபிராங்கஸ்' இனத்துக்கு உடலின் இருபுறமும் கிளைத்த செவுள்கள் உண்டு. கிளைச்செவுள் என்பதே அந்தக் கிரேக்கப் பெயரின் பொருளும் ஆகும். அவ்வினத்துள் 'ஷிப்லேயி' என்பதை இலங்கையிலிருந்து பெற்று 1909-இல் ஹார்டிங் என்பவர் வருணித்தார். அவரும் மூர் என்பவரும் எழுதிய இந்திய அட்டைகளைப் பற்றிய பெருநூல் 1927-இல் வெளிவந்தது. ஜப்பானில் ஆமையின்மேல் வாழும் ஓஸோபிராங்கஸ் வகை ஒன்று, பூஜ்யத்துக்குக் கீழ் 196 பாகை குளிர்ந்த திரவ நைட்ரஜனில் 24 மணி நேரம் கிடந்தும் உயிர் பிழைத்ததை 2014-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

கேரளத்துக் குளங்களிலும் வயல்களிலும் வாழும் ஆமைகளை 'வெள்ளாம' என்றும் 'காராம' என்றும் மக்கள் நிறத்தால் பகுத்தறிவர். முன்னதைத் தமிழர் பாலாமை என்பர். ஆமைகளுக்கு இவ்வாறு தனித்தனிப் பெயர் தந்த நாம், அவற்றின்மேல் வாழும் அட்டைக்கு நூல்வழக்கில் ஒரு தனிப்பெயரை நிலைநிறுத்தவில்லை. 'ஆமையட்டை' என்னும் தொடர் எளிது, தெளிவு. பாடநூலாசிரியர் அதனையே மேற்கொள்ளலாம். மலையாள அகராதியான சப்த தாராவலியை 1923-இல் நிறைவேற்றிய ஸ்ரீகண்டேசுவரம் பத்மநாப பிள்ளையும், திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராயிருந்து பின்னர்த் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராய் விளங்கிய வையாபுரிப் பிள்ளையும் உலவிய நகரம் அது. ஆயினும் வெள்ளாயணிக் காயலின் கரையிலும் நெய்யாற்றின் ஓரத்திலும் வலை வீசுவோர் இவ்வுயிர்களை என்ன பெயரால் அழைக்கின்றனர் என்பது அவர்களிடமே சென்று கேட்டு எழுதப்பட வேண்டியது. சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ள இளைஞர்கள், பாலாமை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்கு உட்பட்டதாதலின் அதனைத் தொடாமலே, கரையில் அமர்ந்து அப்பெயர்களைக் கேட்டுத் தொகுப்பார்களாக.