டிரான்ஸ்பார்மர்: சிறிதா, பெரிதா?

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் லூசியன் கோலார் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. 1880களில் டிரான்ஸ்பார்மரைக் கொண்டு மின்சாரத்தைத் தொலைவுக்கு அனுப்பிக் காட்டிய பிரெஞ்சுக்காரர் அவர். பிறகு லண்டனில் வீட்டுக்கு ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைத்தார்கள். அங்கேதான் கணக்கு உதைத்தது.

டிரான்ஸ்பார்மரில் இழப்பு இரண்டு வகை. செம்புச் சுருளில் ஏற்படுவது நாம் மின்சாரம் எடுக்கும் அளவைப் பொறுத்தது. இரும்பில் ஏற்படுவது விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் ஓயாது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 100 வாட் இழப்பு என்றாலும் 876 யூனிட் வீண். அக்கால வீடுகளில் விளக்கு எரிந்ததோ மாலையில் சில மணி நேரம்தான். ஆகவே 1890களில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பெரிய டிரான்ஸ்பார்மர் வைக்கலானார்கள்.

அப்படியானால் பெரியதே சிக்கனமா? வயல்வெளியில் அது பொருந்தாது. ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரிலிருந்து தாழ்வழுத்தக் கம்பியை நெடுந்தூரம் இழுத்தால் இழப்பு கம்பியில் போகும். கடைசிப் பம்புசெட்டுக்கு வோல்டேஜ் கிடைக்காது, மோட்டார் புகையும். அதனால்தான் ஆந்திரத்தில் 11,000 வோல்ட் கம்பியை வயல்வரை கொண்டுபோய், சில பம்புசெட்டுகளுக்கு ஒன்றாகச் சிறு டிரான்ஸ்பார்மர்களை வைத்தார்கள்.

அலுவலகத்தில் எத்தனையோ டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல்கள் தயாரித்திருக்கிறேன். குறைந்த விலைக்கே முதலிடம். டிரான்ஸ்பார்மருக்கு அது போதாது. விலை ஒருமுறை; இழப்போ அது கம்பத்தில் இருக்கும் காலமெல்லாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். தவறினால், அந்தச் செலவு கடைசியில் நம் மின்கட்டணத்தில்தான் வந்து விடியும்.