கழிமுகம் வரை வராத காவிரி: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் ஒரு நூற்றாண்டு

ஜாம்பவானோடைப் படகுத்துறையிலிருந்து கோரையாற்றில் கிளம்பினால் இரு கரையிலும் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம் அடர்ந்து நிற்கும். அந்த அடர்த்தியை நம்பிவிடக் கூடாது. கரையை விட்டு உள்ளே நடந்தால் மரம் குட்டையாகும். இன்னும் போனால் உமரிச் செடி, அதற்கும் அப்பால் உப்புப் பூத்த வெறுஞ்சேறு. நீர் ஓடும் இடத்தில் காடு, தேங்கும் இடத்தில் பொட்டல். இந்தக் கழிமுகத்தின் நூறாண்டு மாற்றத்தை இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே விளக்கிவிட முடியும் என்பது என் கருத்து.

மராட்டியர் காலத்தில் சத்திர நிர்வாகத்தின் கீழ் இருந்த காடு இது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆங்கிலேய ஆட்சியில், கூப்பு எனப்படும் வெட்டுப் பகுதிகளாகப் பிரித்து மொட்டையடிக்கப்பட்டது. வெட்டிய இடம் சில ஆண்டுகளில் தானே தழைத்துவிடும் என்பது கணக்கு. மலைக்காட்டுக்குப் பொருந்தும் கணக்கு கழிமுகத்தில் பலிக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிச் சேறு சுருங்கியது. தரை தாழ்ந்து தொட்டிபோல ஆயிற்று. ஓதத்தில் ஏறிய நீர் வற்றத்தில் இறங்க வழியில்லாமல் நின்று, காய்ந்து, உப்பை விட்டுச் சென்றது. அலையாத்தி உப்பைத் தாங்கும். ஆனால் மூச்சுவேர்கள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடப்பதையும், உப்பு வரம்பின்றி ஏறுவதையும் தாங்காது. 1937இல் காப்புக்காடாக அறிவித்தபின் கோடரி ஓய்ந்தது. தாழ்ந்த தரை தாழ்ந்தபடியே இருந்தது.

காடு மீளாததற்கு ஊராரின் ஆடு மாடுகளும் விறகுச் சுமைகளும்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. மீன் பிடிக்க அந்த ஊர் மீனவர்கள் வெட்டிய வாய்க்கால்களின் ஓரத்தில் மட்டும் கண்டல் செழித்திருந்ததைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை ஏறி இறங்கச் செய்தபோது, பொட்டலில் நாற்று பிடித்தது.

கடல்நீருக்கு வழி கிடைத்தது. ஆற்றுநீர்? பாமணியாறு, கோரையாறு, மரைக்காக்கோரையாறு எல்லாம் காவிரியின் கடைசி விரல்கள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. மேலே மேலும் அணைகள் எழுந்தன. இன்று இந்த ஆறுகளில் நல்ல தண்ணீர் பெருகுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின்போதுதான். காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பு மொத்த நீரை 740 டி.எம்.சி. எனக் கணக்கிட்டது. அதில் சுற்றுச்சூழலுக்கு 10. தவிர்க்கவியலாமல் கடலுக்குப் போகும் நீர் என்ற தலைப்பில் 4. கழிமுகத்துக்கு ஆறு வந்து சேர்வதை இழப்புக் கணக்கில் எழுதும் பழக்கம் அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது.

கழிமுகத்துக்கு வந்த இன்னொரு நெருக்கடி கரையோர இறால் பண்ணைகள். அவற்றின் கதை தமிழ் வாசகர் அறிந்ததே. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. 2005இல் வந்த சட்டம் பதிவுமுறையின் வழியே அவற்றுக்கு மீண்டும் இடம் கொடுத்தது.

பருவநிலை மாற்றம் இந்தப் பழைய காயங்களின் மேல்தான் வந்து இறங்குகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. கடல் உயர்ந்தால் கண்டல் காடு வண்டலைப் பிடித்துத் தன் தரையையும் உயர்த்திக்கொள்ளும். அதற்கு வண்டல் வர வேண்டும். அது அணைகளின் அடியில் படிகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், 2002 முதல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கும் இந்தக் காட்டின் இலைகளை உருவி, கிளைகளை முறித்துப் போட்டது. முறிந்த இடத்தில் துளிர்க்கும் குணம் வெண்கண்டலுக்கு உண்டு. ஆனால் வேரடியில் ஓதம் ஏறி இறங்க வேண்டும். அதற்காக வெட்டிய வாய்க்கால்களோ ஒவ்வோர் ஓதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேறு ஏறித் தூர்ந்துகொண்டிருக்கின்றன.