ஆராய்ச்சித் தலைமை உருவாக்கம் (இந்தியப் பல்கலைக்கழகங்கள்)

பாடம் நடத்தும் பல்கலைக்கழக ஆசிரியரை, சொந்தமாக ஆய்வுக் கேள்விகளை எழுப்பி, மாணவர் குழுவைத் திரட்டி, ஒரு துறையையே வழிநடத்தும் அறிஞராக வளர்க்கும் ஏற்பாடு. இதற்கு நேரம், ஆய்வுக்கூடம், நிதி, தலையீடற்ற உரிமை ஆகிய நான்கும் வேண்டும்.

தொடக்கம்: 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தோன்றிய பல்கலைக்கழகங்கள் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கின, கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பாக இருந்தது. பல்கலைக்கழகமே பேராசிரியர்களை நியமித்து ஆராய்ச்சியை வளர்க்க 1904-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அந்தச் சட்டத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் கல்கத்தாவின் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி (பதவிக்காலம் 1906–1914, 1921–1923). வழக்கறிஞர்கள் தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் இருவரின் பெருங்கொடையால் 1914-இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாலித் பேராசிரியர் பதவி இந்தியருக்கே உரியது என்பது கொடையின் நிபந்தனை.

முகர்ஜி ஆள் தேடிய விதமே இத்துறையின் முதல் பாடம் எனலாம். நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்துவந்த சி.வி. ராமனை இயற்பியலுக்கான பாலித் பேராசிரியராக அழைத்தார். வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்ற விதியை ராமன் ஏற்க மறுத்தபோது விதியே தளர்த்தப்பட்டது. குறைந்த சம்பளத்துக்கு 1917-இல் வந்து சேர்ந்த அவருக்கு ஆய்வே முதற்கடமையாக வகுக்கப்பட்டது. வகுப்பு எடுக்கும் கட்டாயம் இல்லாதிருந்தும் அவர் விரும்பிக் கற்பித்தார். எம்.எஸ்சி. முடித்துச் சிறிது காலமே ஆகியிருந்த மேக்நாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் விரிவுரையாளர்கள் ஆனார்கள். புதிய இயற்பியலைத் தாமே படித்துக்கொண்டு மாணவருக்குச் சொல்லித்தந்த இவ்விருவரும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்க்க, பல்கலைக்கழகம் 1920-இல் நூலாக வெளியிட்டது. பத்தாண்டுக்குள் சாகா சமன்பாடும் போஸ் புள்ளியியலும் பிறந்தன. 1930-இல் ராமன் நோபல் பரிசு பெற்றார். இளையவரை நம்பிப் பொறுப்பைக் கொடுத்ததன் விளைவு இது.

சென்னை: ஏ. லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்தபோது, ராமனின் மாணவர் ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை முன்வைத்தார். 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’ உயிரியற்பியல் பாடநூல்களில் நிலைபெற்றது.

பின்னடைவு: 1942-இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அமைந்து, பின்னர் தேசிய ஆய்வகங்கள் பெருகியபோது ஆளும் பணமும் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறின. மாணவர் உள்ள இடத்திலிருந்து ஆராய்ச்சியைப் பிரித்தது தவறான கொள்கை.

இன்றைய நிலை: 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் புத்தொளிப் பயிற்சி அளித்துவந்தன, இவை பின்னர் பெயர் மாறின. 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் இயற்றப்பட்டது. ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாத துறைகளுக்கு இவற்றால் பெரும்பயன் இல்லை.