லயமும் தாயகமும்: மலைத்தோட்டத் தமிழர் நிலை – கேரளம், இலங்கை ஓர் ஒப்பீடு

திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவிலிருந்து மலையேறுவோர் போணக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தை அடைவர். ஆங்கிலேயர் இட்ட ‘போன் அக்கார்டு’ என்னும் பெயர் மக்கள் நாவில் ‘காடு’ என முடிந்தது. தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள் அங்கே ‘லயம்’ எனப்படும். இலங்கை மலையகத்தில் ‘லயன்’, ‘லயம்’ என இருவகையாகவும் வழங்கும். ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே இவற்றின் மூலம். வீட்டின் பெயர் ஒன்றாயினும் அதில் வாழ்ந்தோர் பெற்ற நீதி ஒன்றன்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

19ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் தமிழகத்து உழைப்பாளரைக் கங்காணியரின் பின்னே செலுத்தின. இலங்கையில், தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ அவரைத் தோட்டத்தோடு பிணைத்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1931இல் வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே, 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இந்தியா வந்தோருள் சிலர்க்கு வேலையளிக்க, புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் தோன்றியது. இலங்கையில் தங்கி நாடற்றிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

கேரளத் தோட்டத் தமிழர் இவ்வாறு நாடிழக்கவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஆயினும் வீடு வேலையைச் சார்ந்தே நின்றது. பணி ஓய்வு பெற்றவர்க்குச் சொந்த நிலமும் இல்லை, கூரையும் இல்லை. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதித் தகுதி குடிபெயர்ந்து சென்ற மாநிலத்தில் செல்லாது என உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. எனவே, முன்னோர் கேரளம் வந்த ஆண்டைச் சான்றுகாட்ட இயலாதவரின் பிள்ளைகள் இடஒதுக்கீட்டை இழந்தனர். 2015இல் மூணாற்றுப் பெண்கள் போனசும் கூலி உயர்வும் கோரி எழுந்தபோது அவர்தம் நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் அணியின் பெயரான ‘பெம்பிளை ஒருமை’ தமிழும் மலையாளமும் கலந்த தோட்டப் பேச்சில் பிறந்தது.

ஆகவே, ஓரிடத்தில் குடியுரிமையும் மற்றோரிடத்தில் குடியிருப்பும் நீதியின் அளவுகோலாயின. மொழிபெயர்ப்பாளர் இங்கே கருதவேண்டியது ஒன்றுண்டு. 1964க்குப் பின் இந்தியா வந்தோரை அரசு ஆவணங்கள் ‘தாயகம் திரும்பியோர்’ என்றன. அவர்களுட் பலர் இலங்கையில் பிறந்தவர். இந்தியாவை முன்பு கண்டறியாதவர். பிறந்த மண்ணை விட்டு அகன்றவரைத் ‘திரும்பியோர்’ என்னும்போது அவர்தம் இழப்பு சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. சட்டச்சொல்லைச் சட்டச்சொல்லாகவே குறித்து, அவர்தம் பிறப்பிடத்தையும் உடன் சுட்டுவதே வரலாற்றுக்குப் பொருந்திய மொழியாக்கமாகும்.