தைத்த நரம்பைக் காப்பது எப்படி?

கண்ணாடி கிழித்து மணிக்கட்டு அறுபட்டால், இரத்தம் நின்றதா என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போயிருந்தால் மீடியன் நரம்பும் அறுந்திருக்கலாம். மருத்துவர் அதை நுண்ணோக்கி வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்து இணைக்கிறார். அதற்குப் பிறகு அந்தத் தையலைக் காக்கும் பொறுப்பில் பெரும்பகுதி வீட்டாருடையது.

அறுந்த மின்கம்பியை இணைத்தவுடன் விளக்கு எரியும். நரம்பு அப்படியல்ல. வெட்டுக்கு அப்பால் உள்ள நரம்பிழைகள் சிதைந்துபோகும். இதை வாலர் என்பவர் 1850-இல் கண்டறிந்தார். தையல் போட்ட இடத்திலிருந்து புதிய இழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர வேண்டும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 18 சென்டிமீட்டர் என்றால் ஆறு மாதமாவது ஆகும். இரண்டாம் மாதத்திலேயே "ஆபரேஷன் வீண்" என்று முடிவு கட்டுவது அவசரம்.

தைத்த நரம்புக்கு முதல் எதிரி இழுவிசை. முயலின் நரம்பை 8 சதவீதம் இழுத்தபோது அதற்குள் இரத்த ஓட்டம் மந்தமானதையும், 15 சதவீதத்தில் நின்றே போனதையும் லுண்ட்போர்க், ரைடெவிக் ஆகியோர் 1973-இல் பதிவு செய்தனர். அதனால்தான் மணிக்கட்டைச் சற்றே உள்நோக்கி மடக்கி, வழக்கமாக மூன்று வாரம் அளவுக்குக் கட்டுப் போடுகிறார்கள். அரிக்கிறது என்று அதைக் கழற்றுவதும், எண்ணெய் தடவி நீவிவிடுவதும் கூடாது.

தொழுகையிலும் கவனம் தேவை. கட்டின் மீது ஈரக் கையால் மஸஹ் செய்தால் போதும் என்பது ஹனஃபி மத்ஹப். ஷாஃபி மத்ஹபில் தயம்மும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஸஜ்தாவில் உள்ளங்கையை ஊன்றும்போது மணிக்கட்டு பின்னோக்கி வளைந்து நரம்பு நன்றாக இழுபடும். ஆகவே அந்தக் கையை ஊன்றக் கூடாது. இயலாதவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. கட்டைப் பிரித்த பிறகும், கையை எப்போது ஊன்றலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில மருத்துவர்கள் தையலைச் சுற்றி மெல்லிய உறை போடுகிறார்கள். அது மாட்டுக் கொலாஜனாகவும் இருக்கலாம், பன்றிக் குடலின் அடுக்காகவும் இருக்கலாம். அறுவைக்கு முன்பே இதைக் கேட்டால் மாற்று கிடைக்க வாய்ப்புண்டு; மேசையில் படுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

உணர்வில்லாத விரல் சூட்டை அறியாது. தேநீர்க் குவளை, அடுப்பு, இஸ்திரிப்பெட்டி எதையும் மறு கையால் தொட்டுப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். தினமும் விரல்களைக் கண்ணால் பார்த்துக் கொப்புளம், காயம் உண்டா என்று கவனிப்பதும் அவசியம். புகைப்பவர் இந்த மாதங்களிலாவது நிறுத்திவிட வேண்டும். விரல்கள் நீலம் பாரித்தாலோ, வீக்கமும் வலியும் கூடினாலோ, சீழ் வைத்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சில வாரங்களில் கையில் மின்சாரம் பாய்வது போலச் சுரீரென்று இருக்கும். பலர் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது இழை வளர்வதன் அறிகுறி. மருத்துவர் நரம்பின் வழியே மெல்லத் தட்டிப் பார்ப்பார். சென்ற மாதம் மணிக்கட்டில் சுரீரென்றது இந்த மாதம் உள்ளங்கைக்கு நகர்ந்திருந்தால், நரம்பு வளர்ந்து வருகிறது என்று பொருள்.