அடுத்த பக்கம் எங்க?

தலைமன்னார் இறங்குதுறையில் போய் நின்றால் எங்களுக்கு வாற முதல் கேள்வி: இங்கயிருந்து எங்க போறது? 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், திரும்ப ரயில் எண்டு கொழும்பு வரை வரலாம். எந்தத் துறையில் எந்தக் கப்பல் எண்டது பயணியின் கவலை இல்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு, கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு வந்தது. நடுவில் ஒரு துறை மாறியது, போய்ச் சேரும் ஊர் மாறவில்லை.

ஜாவாவில் இணையச் செயலி எழுதியவர்களும் இதே சிக்கலைத்தான் அவிழ்க்கப் பார்த்தார்கள்.

1990களின் கடைசியில் எழுதிய பல ஜேஎஸ்பி பக்கங்கள், அடுத்த பக்கத்தின் முகவரியைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தன. ஒரு பக்கத்தின் பெயரை மாற்றினால், அதற்குப் போகிற அத்தனை பக்கங்களையும் தேடித் திருத்த வேணும். ஒன்றை மறந்தால், பயனர் இல்லாத துறையில் போய் இறங்குவார்.

2000-இல் கிரெக் மக்லானஹன் தொடங்கிய ஸ்ட்ரட்ஸ், வழிகளை எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதச் சொன்னது. 'சேமி' பட்டனை அழுத்தினால் எந்த ஆக்‌ஷன் ஓடும், அது 'சக்சஸ்' எண்டால் எந்தப் பக்கம், 'எரர்' எண்டால் எந்தப் பக்கம், எல்லாம் அங்கே இருக்கும். ஆக்‌ஷனுக்குப் பக்கத்தின் முகவரி தெரியாது, முடிவின் பெயர் மட்டும் தெரியும். பக்கம் மாறினால் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். 2004-இல் வந்த ஜேஎஸ்எஃப்-உம் இதே வழியில்தான் போனது.

ஆனால் செயலி வளர வளர அந்தக் கோப்பும் வளர்ந்தது. ஆயிரக்கணக்கான வரிகளைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சலிப்பு வந்தது. 2007-இல் ஸ்ட்ரட்ஸ் 2, கோப்பில் எழுதியதை அனொட்டேஷனாக ஜாவா நிரலுக்குள்ளேயே எழுத விட்டது. ஒரே வரியில் பல ஆக்‌ஷன்களைப் பிடிக்கிற வைல்ட்கார்ட்டும் இருந்தது. 2009-இல் ஜேஎஸ்எஃப் 2.0, முடிவின் பெயரையே பக்கத்தின் பெயராக எடுத்துக்கொண்டது. எழுதுகிற வேலை குறைந்தது, நல்ல விஷயம்தான்.

ஆனால் எழுதாமல் விட்ட இடத்தை யார் நிரப்புவது?

2018 ஓகஸ்டில் ஸ்ட்ரட்ஸ் 2-இல் ஒரு ஓட்டை வெளியில் வந்தது. ஆக்‌ஷனுக்கு 'நேம்ஸ்பேஸ்' குறிப்பிடாமல் விட்டாலோ, வைல்ட்கார்ட் போட்டாலோ, சில அமைப்புகளில் ஸ்ட்ரட்ஸ் அதைப் பயனர் தட்டிய முகவரியிலிருந்தே எடுத்துக்கொண்டது. எடுத்ததோடு நிற்காமல், அதை ஒரு கட்டளையாக இயக்கவும் செய்தது. முகவரியைத் தட்டத் தெரிந்தவன் சேர்வரையே பிடிக்கலாம்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. அதற்கு முந்தின வருடம், ஸ்ட்ரட்ஸின் வேறொரு ஓட்டை வழியாக அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். சுமார் 147 மில்லியன் பேரின் விபரங்கள் போயின. திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது, அதைப் போடாமல் விட்ட சேர்வருக்குள் மே மாதம் புகுந்தார்கள்.

இப்ப ஸ்பிரிங் படிக்கிற எங்களில் பலர் அந்தப் பழைய எக்ஸ்எம்எல் கோப்பைக் கண்டதே இல்லை. காண வேணும் எண்டும் இல்லை. ஆனால் நாங்கள் எழுதுகிற ஒவ்வொரு பட்டனுக்கும், அடுத்த பக்கத்தை முடிவு செய்வது எங்கட வரியா, வெளியில் இருந்து வாற முகவரியா எண்டு ஒருக்கால் பார்ப்பம். வழி எழுதாத துறையில் யாரும் வந்து இறங்கலாம்.