மின் விலைப்பட்டியல்: பேராக் சிறுவணிகம்

விற்பனைச் சீட்டை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் கணினிக்கு அனுப்பி, அது சரிபார்த்த பிறகே செல்லுபடியாக்கும் மலேசிய முறைக்கு மின் விலைப்பட்டியல் என்று பெயர். கடைக்காரர்கள் வாயில் இது ‘இ-இன்வோய்ஸ்’. அச்சிட்ட பில்லைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதில் சேராது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 82சி பிரிவு இதற்கு அடிப்படை.

வாரியத்தின் ‘மைஇன்வோய்ஸ்’ இணையவாயிலைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஒரு சீட்டுக்கு 55 வகை விவரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. விற்பவர், வாங்குபவர் இருவரின் வரி எண்ணும் அவற்றில் அடங்கும். தனிநபர் என்றால் அடையாள அட்டை எண் போதும். சரிபார்த்த சீட்டு கியூஆர் குறியீட்டோடு திரும்பி வரும். பிழை இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். தேநீர் குடித்துவிட்டுப் போகிறவரிடம் யாரும் வரி எண் கேட்க முடியாது. அதனால், சீட்டு கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையை மாத முடிவில் திரட்டி, அடுத்த 7 நாட்களுக்குள் ஒரே பட்டியலாக அனுப்ப இடமுண்டு. சிறு கடைகளுக்கு இம்முறையைத் தாங்கக்கூடியதாக்குவது இந்த ஒரு சலுகைதான்.

இந்த முறைக்கு முன், பேராக் ரப்பர்த் தோட்டங்களில் கணக்கு என்பது பிறர் கையில் இருந்த பொருள். பெரட்டில், அதாவது காலை வருகைப் பதிவில், பேர் குறித்தவர் தோட்டக் கணக்கரான கிராணி; அரிசி, மிளகாய்க் கடனைக் குறித்தவர் மளிகைக் கடைக்காரர். அந்தக் கடன், உள்ளங்கையில் அடங்கும் 555 நோட்டுப் புத்தகத்தில் ஏறி, சம்பள நாளில் அடித்து நீக்கப்பட்டது. சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் பல கடைகள் இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவை. 555 புத்தகம் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே முடிந்துவிடும். இ-இன்வோய்ஸில் வரி வாரியம் என்ற மூன்றாமவர் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் முதல் வரிசையில். வணிகர்களின் தயக்கத்துக்குக் கணினி பயத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

2024 ஆகஸ்ட் 1இல் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிய நிறுவனங்களோடு திட்டம் தொடங்கியது. 2025 ஜனவரியில் 2.5 கோடிக்கு மேல், ஜூலையில் 50 லட்சத்துக்கு மேல், 2026 ஜனவரி 1இல் 10 லட்சத்துக்கு மேல் என்று இறங்கி வந்தது. விலக்கு வரம்போ ஏறிக்கொண்டே போனது: முதலில் 1,50,000 வெள்ளி, பிறகு 5 லட்சம், 2025 டிசம்பரில் 10 லட்சம்.

பத்து லட்சம் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் நாளொன்றுக்குச் சராசரி 2,740 வெள்ளி வியாபாரம் நடந்தால் அது வந்துவிடும். கணக்கில் கொள்ளப்படுவது இலாபம் அல்ல, விற்றுமுதல். ஆகவே குறைந்த இலாபத்தில் அரிசி மூட்டை விற்பவர், அதிக இலாபம் பார்க்கும் சிறு சேவைத் தொழிலாளருக்கு முன்பே வரம்பைத் தொட்டுவிடுவார். இந்த அளவுகோல் மளிகைக் கடைக்கு நியாயமானதல்ல.

ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகை நொறுக்குத்தீனி) தொழில் இன்னொரு பக்கத்தைக் காட்டும். எட்டயபுரம் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்த தொழில் இது. வரம்புக்குள் இருக்கும் முறுக்குக் கடைக்காரர் மின் சீட்டு தர வேண்டியதில்லை. அவரிடம் வாங்கும் பேரங்காடி அவருடைய சாதாரண ரசீதைச் செலவுக் கணக்கில் காட்டலாம். ஆனால் கடலையும் எண்ணெயும் வாங்க அவர் மொத்த வியாபாரியிடம் போகும்போது, அந்தக் கொள்முதலைச் செலவாகக் காட்ட மின் சீட்டு வேண்டும்; அங்கே அவர் வரி எண்ணைச் சொல்லியாக வேண்டும். விலக்குப் பெற்றவரும் வாங்குபவராக இந்த வலைக்குள் வந்துவிடுகிறார்.

திட்டத்துக்குள் வந்துவிட்ட நகைக்கடைகளுக்கு இன்னொரு கட்டுப்பாடு. 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட ஒற்றை விற்பனையை 2026 முதல் மாதத் திரட்டில் சேர்க்க முடியாது. தாலிக்கொடி வாங்குபவரின் பெயரிலேயே சீட்டு போட வேண்டும்.

மின் சீட்டு தரத் தவறினால் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தொடக்கத்தில் தளர்வுக் காலம் தரப்பட்டது.

விலக்கு மின் சீட்டுக்கு மட்டுமே. வரம்புக்குக் கீழே இருக்கும் கடைக்காரரும் வருமான வரிப் படிவத்தில் தொழில் வருமானத்தைக் காட்ட வேண்டும். கணக்குகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.